ஆஷ் யாருக்குத் துரோகம் செய்தான்?

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழ் மலையேறி, குமுளி வழியாக எங்கள் வண்டிப்பெரியாறுக்கு வந்து சேர்வதற்குள் தமிழ்நாட்டில் அது பழைய பேப்பர் கடைக்கே போயிருக்கும். கடிதம் தாமதமாக வருவதற்கு என்னைக் குறை சொல்லாதீர்கள். விண்வெளித் திகில் படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஏலியன்’ படத்தில் வரும் ஆஷ் என்ற இயந்திர மனிதனைக் கூட இருந்தே குழி பறித்த துரோகி என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

நான் சினிமா விமர்சகன் இல்லை. பீர்மேடு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் கண்டக்டராக இருந்தவன். (டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தில் ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிறவருக்கும் இங்கே அதே பெயர்தான்.) கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது இந்தப் படத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். தாத்தா எங்கே அலறப்போகிறார் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவனின் நெஞ்சைப் பிளந்துகொண்டு அந்த வேற்றுக்கிரக ஜந்து வெளியே வந்தபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு வெகு முன்னால், ஆஷ் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசியபோதே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

படத்தில் வரும் நாஸ்ட்ரோமோ ஒரு விண்வெளிச் சரக்குக் கப்பல். இரண்டு கோடி டன் கனிமத்தை இழுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறது. அதில் ஏழு பேர். நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிட உட்கார்ந்ததும், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பார்க்கர் எடுக்கிற பேச்சு போனஸ். மற்றவர்களுக்கு முழுப் பங்கு, தனக்கும் தன் கூட்டாளி பிரெட்டுக்கும் மட்டும் ஏன் குறைவு என்பது அவன் கேள்வி. மூணாறில் 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடக் கிட்டே அண்டவிடாமல் சாலையில் உட்கார்ந்த கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியிருக்காது. அப்போது எங்கிருந்தோ ஒரு சமிக்ஞை வருகிறது. இது சரக்குக் கப்பல், ஆளைக் காப்பாற்றும் கப்பல் இல்லை, இந்த வேலை என் ஒப்பந்தத்தில் கிடையாது என்று பார்க்கர் மறுக்கிறான். ஆஷ் குரலை உயர்த்தவே இல்லை. ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு ஷரத்து இருக்கிறது, போய்ப் பார்க்காவிட்டால் பங்கு மொத்தமும் போய்விடும் என்று தணிந்த குரலில் சொல்கிறான். அவ்வளவுதான், பார்க்கர் அடங்கிவிடுகிறான்.

பெரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) விடிகாலைப் பனியில் நின்று அதே தணிந்த குரலில் நானும் பேசியிருக்கிறேன். இன்றைக்கு இத்தனை கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் கூலிக்குப் பெயர் விழாது. மழை ஈரத்துக்கு இவ்வளவு கழிவு. சத்தம் போட்டால் ஆட்கள் எதிர்த்துப் பேசுவார்கள். சட்டம் பேசினால் பேசமாட்டார்கள்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அந்தக் கப்பலில் யாரும் முதலாளியின் பெயரைச் சொல்வதில்லை. வாய்க்கு வாய் ‘கம்பெனி’ என்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் லயங்களிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அப்படித்தான். பெயர்ப்பலகை மூன்று முறை மாறியது. கம்பெனி சொல்லிவிட்டது, கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்கிற பேச்சு மட்டும் மாறவில்லை.

ஆஷ் செய்ததை நான் மறைக்கவில்லை. சமிக்ஞை வந்த இடத்துக்குப் போன கேன் என்பவனை, முகத்தில் ஜந்து கவ்விய நிலையில் தூக்கி வருகிறார்கள். இருபத்துநான்கு மணி நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது விதி, உள்ளே விடமாட்டேன் என்று கப்பல் அதிகாரி ரிப்ளி மறுக்கிறாள். ஆஷ் கதவைத் திறந்துவிடுகிறான். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அது இரக்கம் போலத் தெரியும். பிற்பாடு கம்ப்யூட்டரிடம் கேட்டு ரிப்ளி கண்டுபிடிக்கிறாள், 937 என்ற எண்ணில் ஒரு சிறப்பு உத்தரவு இருப்பதை. அந்த உயிரைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும், மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம், ஊழியர்கள் போனாலும் பரவாயில்லை. இதை அறிந்தவன் ஆஷ் ஒருவன்தான். ஐந்து பயணங்களில் கூட வந்த பழைய அறிவியல் அதிகாரியை மாற்றிவிட்டு, கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது இவனைக் கொண்டுவந்து ஏற்றியதே இதற்காகத்தான் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

இதில் துரோகம் எங்கே இருக்கிறது? அந்த ஆறு பேருக்கு அவன் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவர்கள் சோற்றை அவன் தின்னவில்லை. அவனைச் செய்தவன், அனுப்பியவன், உத்தரவு போட்டவன் எல்லாம் கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு அவன் கடைசிவரை உண்மையாக இருந்தான். அவனைத் துரோகி என்று ஏசினால், அந்த உத்தரவைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவன் தப்பித்துக்கொள்கிறான். படத்தில் அவன் முகம் ஒருமுறைகூட வருவதில்லை.

டான் ஓ’பானன் எழுதிய முதல் கதையில் இந்த இயந்திர மனிதனே கிடையாது. திரைக்கதையைத் திருத்திய வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும் சேர்த்த பாத்திரம் அது. ஓ’பானனுக்கு அது பிடிக்கவில்லை. நான் திருத்தியவர்கள் பக்கம். வெறும் ஜந்து என்றால் காட்டில் புலி அடித்த கதை மாதிரிதான் இருந்திருக்கும். அடுத்தடுத்த படங்களில் வந்த இயந்திர மனிதர்களையும் பேத்தி காட்டினாள். 1986-இல் வந்த பிஷப் நல்லவன், உடல் இரண்டு துண்டான பிறகும் குழந்தையைக் காப்பாற்றுகிறான். 2024-இல் வந்த ஆண்டிக்கு ஒரு சில்லை மாற்றிச் செருகியதும் விசுவாசம் கம்பெனி பக்கம் சாய்ந்துவிடுகிறது. எனக்கு அது சற்று மலிவான வழியாகப்பட்டது. சில்லு எதுவும் மாற்றாமலே சாய்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆஷாக நடித்த இயன் ஹோம் கடைசியாகப் பேசும் இடம்தான் என்னைப் படுத்துகிறது. தலை தனியாக மேஜையில் கிடக்கிறது, வாயெல்லாம் வெள்ளைத் திரவம். உன் உத்தரவு என்ன என்று ரிப்ளி கேட்கிறாள். நீதான் படித்தாயே, தெளிவாகத்தானே இருந்தது என்கிறான். நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, என் அனுதாபங்கள் என்று முடிக்கிறான், லேசான புன்னகையோடு.

2000-க்குப் பிறகு பீர்மேட்டில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியதை உங்கள் வாசகர்களில் சிலர் அறிந்திருப்பார்கள். எங்கள் தோட்டமும் அதில் ஒன்று. மூடுவதற்குச் சில நாள் முன்பு அலுவலர்களுக்கு மட்டும் என்று தலைப்பிட்ட ஒரு காகிதம் வந்தது. ஆலையில் மூட்டை கட்டி வைத்திருந்த தேயிலைத் தூள் முழுவதையும் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றிவிட வேண்டும், தொழிலாளர்களுக்குத் தெரியக்கூடாது. அப்போது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அந்தத் தூள் ஆலையில் இருக்கும்வரைதான் அவர்கள் கையில் ஒரு பிடி. கேட் பாஸில் கையெழுத்துப் போட்டவன் நான். சங்கிலியைக் கழற்றிவிட்டவனும் நான்தான். மறுவாரம் மானேஜர் குடும்பத்தோடு போய்விட்டார். ஆலையில் அதற்குப் பிறகு புகை வரவில்லை. என்னுடைய சேமநிதியும் பல வருடம் மாட்டிக்கொண்டது. அந்தக் காகிதத்தில் மற்றதெல்லாம் என்ற கணக்கில் நானும் இருந்திருக்கிறேன்.

ஆட்கள் ஏலக்காய்த் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் சிதறினார்கள். என் பிரிவில் முப்பது வருடம் கொழுந்தெடுத்த ஓர் அம்மாள், லயத்துக் கூரை ஒழுகுகிறது, தகரம் கிடைக்குமா என்று கேட்க வந்தார். திரும்பிப் போகும்போது வாசலில் நின்று, லாரி போன விஷயம் ஐயாவுக்கு முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டார்.

ஆஷாக இருந்தால் தெரியும் என்று சொல்லியிருப்பான். நான் தெரியாதம்மா என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கண்டக்டர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.