எங்கிருந்து அளப்பது?

ஏற்காடு,
12.5.2018

அன்புள்ள செல்விக்கு,

அம்மாவும் நானும் நலம். கோடைக் கூட்டம் மலை ஏறிக்கொண்டே இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் கார்கள் நிற்கிற நிற்பைப் பார்த்து, சேலம் இறங்கும் வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்கு, அதாவது கரையோரம் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதற்கு, மத்திய அரசு போட்டிருக்கிற புது வரைவு அறிவிக்கையை எதிர்த்து நீ எழுதி அனுப்பிய ஆட்சேபணை மனுவைப் படித்தேன். தமிழ் நன்றாக இருக்கிறது கண்ணு. ஆனால் இரண்டு பக்கமும் தரங்கம்பாடியின் பெருமைதான்: 1620-இல் டேனிஷ்காரர்கள் வந்தது, கோட்டை, சீகன்பால்குவின் அச்சுக்கூடம், 1792-இல் கட்டிய நகர வாசல். டெல்லியில் அதைப் படிக்கிற அதிகாரி, 'இத்தனை பெருமையுள்ள ஊருக்குச் சுற்றுலாப் பயணி வர வேண்டாமா?' என்பார். கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கு இடம் கொடுக்கிற வரைவுதான் அது. உன் மனுவை அவர்கள் பக்கத்துச் சாட்சியாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பணிக்காலம் முழுக்க இந்த மலையில் சர்வே சங்கிலி இழுத்தவன் நான். எனக்கு அந்த வரைவில் முதலில் கண்ணில் பட்டது அளவுதான். 2011 அறிவிக்கைப்படி மூன்றாம் வகைக் கரையில், அதாவது கிராமப்புறக் கரையில், உயர் அலைக் கோட்டிலிருந்து (ஓதம் ஏறும்போது தண்ணீர் எட்டுகிற எல்லை) 200 மீட்டருக்குள் கட்டடம் கூடாது. இப்போது அந்த வகையை இரண்டாகப் பிரித்து, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கிற இடங்களில் 50 மீட்டர் போதும் என்கிறார்கள். 2004 டிசம்பரில் அலை வந்தபோது எந்தக் குப்பத்தில் அதிகம் பேர் செத்தார்கள் என்று உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே. நெருக்கமாக ஆள் இருக்கிற இடத்துக்குப் பாதுகாப்பைக் குறைப்பது என்ன கணக்கோ!

ஆனால் நீ பிடிக்க வேண்டியது 50-ஐயோ 200-ஐயோ அல்ல, எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதை. இங்கே சேர்வராயன் மலையில் எல்லைக்கல் நட்டால் அது நட்ட இடத்திலேயே இருக்கும். 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் வந்தபோது கிராமப் பெயர்களைப் பட்டியல் போட்டார்கள். பெயர் இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடலாம், ஊர் மட்டும் நகராது. கடல் அப்படியில்லை. தரங்கம்பாடிக் கரையில் மாசிலாமணி நாதர் கோயிலைப் பார்த்தாயல்லவா, பாண்டியர் காலத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. அந்தக் கோயிலை முதல் பத்தியில் வை. கரை உள்ளே வருகிற ஊரில் இன்றைய கோட்டிலிருந்து 50 மீட்டர் என்றால், நாளைக்கு அதில் எவ்வளவு மிஞ்சும் என்று கேள். அரிப்பு எவ்வளவு தூரம் வரலாம் என்று காட்டுகிற அபாயக் கோட்டையும் இந்த வரைவு பேரிடர் திட்டத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டது. அதையும் எழுது.

'மீனவருக்கு வீடு வேண்டாமா?' என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பழைய அறிவிக்கையிலேயே 100 முதல் 200 மீட்டருக்குள் பாரம்பரியக் கடலோர மக்கள் வீடு கட்ட வழி இருக்கிறது. அதைச் சரியாகக் கொடுங்கள் என்று கேட்கலாம். அதற்காக எல்லாருக்கும் கரையைத் திறந்துவிட வேண்டியதில்லை. வலை காய்கிற இடமும் படகு ஏற்றுகிற இடமும் யார் பட்டாவிலும் இல்லை, அதனால் முதலில் போவது அவைதான்.

அப்புறம் ஒன்று. உங்கள் தெரு எந்த வகையில் வருகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு எழுது. இரண்டாம் வகை, அதாவது ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்புறக் கரை என்றால் பிரச்சினையே வேறு: மனையின் அளவுக்கு எவ்வளவு பரப்பு கட்டலாம் என்று 19.2.1991 அன்றிருந்த விதிதான் அங்கே இதுவரை பொருந்தியது, அந்தப் பூட்டை இப்போது எடுக்கிறார்கள். தப்பான வகையைச் சொன்னால் மனுவை மூடி வைத்துவிடுவார்கள்.

வரைவு ஏப்ரல் 18-ஆம் தேதியிட்டது, ஆட்சேபணைக்கு 60 நாள். ஜூன் நடுவில் முடிந்துவிடும். அரசிதழில் இந்தியும் ஆங்கிலமும்தான் என்பதால் மீனவப் பஞ்சாயத்தாருக்கு நீதான் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடாமல், அவரவர் சர்வே நம்பரைப் போட்டுத் தனித்தனியாக அனுப்பட்டும்.

29-ஆம் தேதி பௌர்ணமி. அன்று ஓதம் ஏறும்போது, கோயில் சுவரிலிருந்து தண்ணீர் வரை மாப்பிள்ளையை டேப் வைத்து அளந்து, தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுக்கச் சொல். மனுவோடு இணைக்க ஒரு படம் நான் வரைந்து தருகிறேன்.

அன்புடன்,
அப்பா