ரஹாபியின் பெயரைச் சொல்லுங்கள்

மட்டாஞ்சேரிக்குப் பயணிகளை அழைத்துவரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். கொச்சியில் இருபது ஆண்டுகளாக வசிக்கும் தமிழன் எழுதுகிறேன். சென்ற மாதம் ஊரிலிருந்து வந்த உறவினர்களோடு உங்கள் குழு ஒன்றில் சேர்ந்து யூதத் தெருவிலுள்ள பரதேசி (வெளிதேசத்திலிருந்து வந்தவர்கள் என்ற பொருளில்) யூத ஆலயத்துக்கு வந்திருந்தேன். மணிக்கூண்டின் கீழ் நின்ற வழிகாட்டி, அதை டச்சுக்காரர்கள் கட்டியதாகச் சொன்னார். சிறுவயதில் இங்கிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த மூதாட்டி ஒருவரும் எங்களுடன் இருந்தார். "எசக்கியேல் ரஹாபி கட்டிக்கொடுத்தது, மோனே" என்று அவர் மலையாளத்தில் மெல்லத் திருத்தினார். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்றார். அதன்பின் அந்த அம்மையார் வாய் திறக்கவில்லை; உள்ளே சென்றதும் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தரையும் ரஹாபி கொடுத்ததுதான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து மிளகில் பொருள் ஈட்டிய கொச்சி யூதரான அவர், 1568-இல் எழுந்த அந்த ஆலயத்துக்கு 1760-இல் மணிக்கூண்டை எழுப்பித் தந்து, அடுத்த இரண்டாண்டுகளில் சீனத்தின் கான்டனிலிருந்து கையால் நீலவண்ணம் தீட்டிய ஓடுகளைக் கப்பலில் வரவழைத்துத் தளம் பதித்தார் என்பது நீங்கள் அறியாததல்ல. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்ந்த ஓடுகளின் மேல் நடப்பவர்களுக்கு, அவற்றைக் கொடுத்தவரின் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? கடிகாரத்தின் முகங்களில் எபிரேய எண்களோடு ரோமன் எண்களும் மலையாள எண்களும் இருக்கின்றன. தம் மக்களின் வழிபாட்டுக்காகக் கட்டியதில், அங்கே வழிபட வராத அண்டை வீட்டாருக்கும் அவர் மணி காட்டினார். இதையல்லவா பயணிகளுக்கு முதலில் சொல்ல வேண்டும்?

இந்த ஊரில் எதைக் காட்டினாலும் அரசரோ ஐரோப்பியரோ கட்டியது என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. உள்ளூர் வணிகர்கள் கொடுத்தவை கணக்கிலேயே வருவதில்லை. யூதத் தெரு என்ற பெயரால் கடைகள் பிழைக்கின்றன, உங்கள் தொழிலும் நடக்கிறது. ஆனால் கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள்கூட இன்று அந்தத் தெருவில் இல்லை. மறுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை என்பதற்காகத் தவறாகச் சொல்லலாமா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். நான் கேட்பது ஒன்றே: வழிகாட்டிகளுக்குத் தரும் குறிப்பில் எசக்கியேல் ரஹாபியின் பெயரைச் சேர்த்து, மணிக்கூண்டின் கீழ் நிற்கும் அந்த இரண்டு நிமிடங்களில் அதைச் சொல்லச் செய்யுமாறும், தெரிந்தவர் ஒருவர் திருத்தும்போது நின்று கேட்கச் சொல்லுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் வந்த ஒருவன்