அந்திமந்தாரை விதை தந்த அம்மாவுக்கு நன்றி

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், வாசலோரம் அந்திமந்தாரை வளர்க்கும் அம்மாவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. செடியையே பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் "விதை வேணுமாப்பா?" என்று கேட்டு, மிளகு போலக் கருத்திருந்த விதைகளைப் பேப்பரில் மடித்துத் தந்தீர்கள். "ராத்திரி ஊறப்போட்டு நடு. சின்னப் பிள்ளைங்க வாயில போட்டுடாம பாத்துக்கோ" என்றும் சொன்னீர்கள். விதையில் நச்சு இருப்பது பலருக்குத் தெரியாது.

இப்போது எங்கள் மாடித் தொட்டியில் செடி இடுப்பளவு நிற்கிறது. மாலை நாலு மணிக்கு மேல் முறுக்கிய மொட்டுகள் அவிழ்கின்றன. ஒரே செடியில் மஞ்சளும் ரோஸும். ஒரு பூ சரிபாதி மஞ்சள், சரிபாதி ரோஸ். அதற்கு அடுத்ததில் தூரிகையை உதறியது போலப் புள்ளிகள். இருட்டியதும் வாசம் கூடும். அப்புறம் அந்துப்பூச்சிகள் வரும், அந்தரத்தில் நின்றபடியே நீளக் குழலை நீட்டித் தேன் குடிக்க. காலை வெயில் ஏறினால் எல்லாம் வாடிவிடும், மாலையில் புதுப் பூக்கள்.

குப்பைமேட்டிலும் தானாக முளைக்கும் செடி, பூக்கடைக்கு வராத பூ. அதனாலேயே யாரும் இதை மதிப்பதில்லை, எனக்கு அது வருத்தம்தான். வேலை முடிந்து களைத்து வருகிற நேரத்தில் மலர்ந்து நிற்பது இதுதானே!

விதை உதிர ஆரம்பித்துவிட்டது. கீழ்வீட்டு அக்காவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன், நீங்கள் சொன்ன எச்சரிக்கையோடு. ரொம்ப நன்றி அம்மா.