கேக் குறிப்பை கிராம் கணக்கில் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறைக்கு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கோ அக்கா தம்பி வீட்டுக்கோ போகிறவர்களுக்கு உங்கள் வார இணைப்பு தரும் யோசனைகள் எல்லாமே பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல்தான். சுற்றிப் பார்க்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எங்கேயும் போகாத ஒரு நாளில், அந்த வீட்டு அடுப்படியில் எல்லோரும் சேர்ந்து கேக்கோ பிஸ்கட்டோ செய்யும்போது வருகிற பேச்சு வேறு எங்கேயும் வராது. மாவு சலிக்க ஒருவர், முட்டை அடிக்க ஒருவர், வெண்ணெயை முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்காதவரைத் திட்ட ஒருவர். கேக் உள்ளே போன பிறகு அரை மணி நேரம் கதவைத் திறக்கவும் கூடாது, தள்ளிப் போகவும் மனசு வராது, அப்புறம் பழைய கதை பேசாமல் என்ன செய்வது?

இதில் சிக்கல் உங்கள் சமையல் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் 'ஒரு கப் மைதா' என்று போட்டு விடுகிறீர்கள். எந்த ஊர் கப்? அமெரிக்காவில் அது சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற பல நாடுகளில் 15தான். கப் ஒன்றாகவே இருந்தாலும், மாவைத் தளர்வாக அள்ளினால் 120 கிராம் போல வரும், அமுக்கி அள்ளினால் 150கூட வரும், கேக் கல்லாவதற்கு இதுவே போதும். ஓவனும் அப்படித்தான். அமெரிக்க ஓவனில் 350 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 177 டிகிரி செல்சியஸ். பிரிட்டனின் கேஸ் ஓவனில் டிகிரியே இருக்காது, 4 என்ற எண்ணில் வைத்தால் ஏறக்குறைய 180. உள்ளே ஃபேன் சுற்றும் ஓவன் என்றால் வழக்கமான சூட்டில் 20 டிகிரி குறைக்க வேண்டும். செல்ஃப் ரைசிங் மாவு இன்னொரு கண்ணி: பேக்கிங் பவுடர் ஏற்கெனவே அதில் கலந்திருக்கும், தெரியாமல் மேலும் போட்டால் கேக் சரசரவென்று எழும்பி நடுவில் உட்கார்ந்துவிடும்.

இதையெல்லாம் விடுமுறைக்குப் போன இடத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் குறிப்புகளை கிராம், மில்லி, செல்சியஸ் கணக்கில் கொடுங்கள், ஃபேன் ஓவனா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். தட்டின் அளவும் முக்கியம், 8 அங்குல வட்டத் தட்டைவிட 9 அங்குலத் தட்டின் பரப்பு கால் பங்குக்கு மேல் அதிகம், அதே மாவை ஊற்றினால் கேக் மெல்லியதாகிச் சீக்கிரம் காய்ந்துவிடும். எப்படியும் அரைப் பக்கம் படம்தான் போடுகிறீர்கள், அதில் இரண்டு வரி விட்டுக்கொடுத்தால் போதும். விடுமுறை தொடங்கும் முன்பே வெளியிட்டால் கிளம்புகிறவர்கள் வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள்.

இப்படிக்கு,
சமையல் பக்கத்தை முதலில் திருப்பும் ஒரு வாசகர்