அம்மாவை ஓடிபி வாசிக்க வைக்காதீர்கள்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒருவன் எழுதுகிறேன். மின்னணுப் பணப் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் முறைகள் பற்றி 2025 செப்டம்பர் 25 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆணையை வரி விடாமல் படித்தேன். இப்படிப்பட்ட ஆவணங்களைப் படித்து அதன்படி நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு, அதனால் சலிக்கவில்லை. நல்ல ஆவணம்தான். ஆளைச் சரிபார்க்கக் குறைந்தது இரண்டு காரணிகள் (கடவுச்சொல், ஓடிபி, விரல்ரேகை போன்ற சான்றுகள்) வேண்டும், ஒன்று களவு போனாலும் மற்றது தாங்க வேண்டும், வங்கி விதியைப் பின்பற்றாததால் வாடிக்கையாளருக்கு இழப்பு வந்தால் வங்கியே முழுதாக ஈடுகட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. எஸ்எம்எஸ் ஓடிபிதான் வேண்டும் என்ற கட்டாயம் எங்கேயும் இல்லை. 2026 ஏப்ரல் 1 என்று கெடுவும் வைத்தீர்கள்.

ஆனால் கட்டாயமில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். வேறு வழியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எஸ்எம்எஸ்ஸும் தொடரலாம் என்றால் வங்கிகள் என்ன செய்யும்? இருப்பதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இந்த மடல்.

வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் இந்திய சிம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். சிலருக்கு போனின் இரண்டாவது சிம் ஸ்லாட்டில். சிலருக்கு போன் கவருக்குள், செல்லோடேப் போட்டு ஒட்டியபடி. நிறையப் பேருக்கு ஊரில், அம்மா வைத்திருக்கும் பழைய பட்டன் போனில். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் இங்கே வங்கித் தளத்தில் பொத்தானை அழுத்திவிட்டு அம்மாவை வாட்ஸ்ஆப்பில் கூப்பிடுவேன். "இருப்பா, கண்ணாடிய எடுத்துக்கறேன்" என்பார். அடுத்து, நீளமான செய்திக்குள் எண்ணைத் தேடி ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுதியிருக்கும். அது ஆங்கிலத்தில் இருப்பதால் அம்மாவுக்குத் தொந்தரவு இல்லை.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள் ஐயா, பாதுகாப்பு என்ற பெயரில் அறுபது, எழுபது வயதுக்காரர்களுக்கு நாம் எந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்? போனில் ஒரு குரல் அவசரமாகக் கேட்கும், திரையில் வந்த ஆறு எண்களை உடனே வாசிக்க வேண்டும். மோசடிக்காரன் எதிர்பார்ப்பதும் அச்சு அசலாக இதைத்தான். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி வருடக்கணக்காக விளம்பரம் செய்கிறது. டிஜிட்டல் அரெஸ்ட் என்ற பெயரில் முதியவர்களைப் போனிலேயே மிரட்டிப் பணம் பறிப்பது பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் எச்சரித்தார். இவ்வளவு எச்சரிக்கையும் ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் மகனும் மகளும் வாரம் தவறாமல் அம்மா அப்பாவுக்கு ஓடிபி வாசிக்கப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்ச நேர ஒலிப்பதிவு இருந்தால் மகனின் குரலையே கணினியில் உருவாக்கிவிடும் காலம் இது.

சரி, சிம்மைக் கையோடு கொண்டுபோகலாமே என்பீர்கள். கொண்டுபோகலாம். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்குப் பெரும்பாலும் காசு கிடையாது. வந்தால்தானே? சில நேரம் உடனே வரும், சில நேரம் ஓடிபி காலாவதியான பிறகு நிதானமாக வரும். அதைவிடப் பெரிய தலைவலி வங்கிச் செயலிகள். புதுப் போனில் செயலியை நிறுவினால், சிம் அந்தப் போனில்தான் இருக்கிறதா என்று பார்க்க, அந்தப் போனிலிருந்தே வங்கிக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். ஊரில் இருந்தால் இது நடப்பதே தெரியாது. வெளிநாட்டிலோ ரோமிங் பேக் போடாமல் பெரும்பாலும் எஸ்எம்எஸ் வெளியே போகாது. ஒரே ஒரு எஸ்எம்எஸ்ஸுக்காக ஒரு ரோமிங் பேக்! (என் போனில் வேலைக்காக டெவலப்பர் ஆப்ஷன்ஸ், அதாவது நிரல் எழுதுபவர்களுக்கான அமைப்புகள், திறந்தே இருக்கும். அதைப் பார்த்ததும் சில வங்கிச் செயலிகள் கதவைச் சாத்திவிடும். அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.)

அப்புறம் எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டும். யாரும் பேசாத எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ். விட்டுவிட்டால் முதலில் வெளிச்செல்லும் அழைப்பு நிற்கும், பிறகு உள்வருவதும் நிற்கும், கடைசியில் எண்ணே போய்விடும். போன எண் சும்மா இருக்காது, வேறொருவர் கைக்குப் போகும். 2023 நவம்பரில் இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனபோது, முடக்கிய எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு யாருக்கும் ஒதுக்குவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது. 90 நாள் கழித்து? மருத்துவமனையில் கிடந்தவர், கப்பலில் வேலை பார்ப்பவர், ரீசார்ஜ் செய்ய ஊரில் ஆள் இல்லாதவர் எல்லாருடைய வங்கி ஓடிபியும் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகலாம். எண்ணை மறுபடி வழங்குவதில் தொலைபேசி நிறுவனங்கள் மேல் எனக்குக் குறையில்லை, எண்கள் தீர்ந்துபோகும் பொருள்தான். அந்த எண்ணை நம்பி ஆளை அடையாளம் காண்கிறதே வங்கி, அதில்தான் குறை.

வெளிநாட்டு எண்ணைப் பதியச் சில வங்கிகள் விடுகின்றன, அதற்கு நன்றி. ஆனால் எண்ணை மாற்றும் பக்கத்துக்குள் போக, பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கேட்பார்கள். பழைய எண்தான் இல்லையே என்றால் கிளைக்கு நேரில் வரச் சொல்வார்கள். என் வங்கி ஒன்றில் கிளை மேலாளர் நல்ல மனிதர். எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டு, "லீவுல வர்றப்ப பாத்துக்கலாம் தம்பி" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் கணினித் திரையில் வேறு பொத்தான் இல்லை.

நான் பரவாயில்லை. இரண்டு சிம் போடும் போன் இருக்கிறது, இ-சிம் என்றால் என்னவென்று தெரியும், ஆங்கிலத்தில் கோபமாக மின்னஞ்சல் எழுத வரும். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைப் பக்கம் வந்து பாருங்கள். துவாஸிலும் ஜூரோங்கிலும் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை செய்யும் நம்மூர்ப் பிள்ளைகள் புல்வெளியில் உட்கார்ந்திருப்பார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று கேட்கக் கேட்க ஊர்ப்பெயர் வரும். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்று தெரிந்தால் போதும், "அண்ணே, இந்த ஆப் தொறக்க மாட்டேங்குது, பாருங்க" என்று போன் கைக்கு வந்துவிடும். அநேகமாகக் காரணம் ஒன்றுதான். சிங்கப்பூர் வந்து இறங்கியதும் மலிவான உள்ளூர் சிம்மைப் போட்டிருப்பார், இந்திய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருக்கும். தான் சம்பாதித்து அனுப்பிய பணம் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, அண்ணனையோ மைத்துனரையோ கேட்க வேண்டிய நிலை. அதில் குடும்பத்துக்குள் எத்தனை மனத்தாங்கல் வருகிறது என்பது உங்கள் புள்ளிவிவரத்தில் வராது.

புள்ளிவிவரத்தில் வருவது என்ன? வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 2023-24இல் 10.4 சதவீதம், மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம் என்று உங்கள் கணக்கெடுப்பே சொன்னது. சிங்கப்பூரிலிருந்து மட்டும் மொத்தத்தில் 6.6 சதவீதம். பணம் உள்ளே வரும் பாதையைப் பளபளவென்று போட்டிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. 2023 பிப்ரவரியில் யுபிஐயும் அதைப் போன்ற சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைந்தபின், இங்கிருந்து ஊருக்குச் சில விநாடிகளில் பணம் போகிறது. அதே ஆண்டு ஜனவரியில், பத்து நாடுகளின் தொலைபேசி எண்ணிலேயே வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்கு யுபிஐ வைத்துக்கொள்ளத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் வழிசெய்தது. அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இருந்தது, அமீரகம் இருந்தது. குவைத்தும் பஹ்ரைனும் இல்லை. இருந்தாலும் இதிலிருந்து ஒன்று தெரிகிறது. வெளிநாட்டு எண்ணை நம்பத் தொழில்நுட்பத்தில் தடை எதுவும் இல்லை, மனம் வைத்தால் நடக்கும்.

எஸ்எம்எஸ் நம்பகமானது என்பதாலாவது இத்தனை கஷ்டமும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லை. தொலைபேசி நிலையங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற ஏற்பாடு 1970களில் பிறந்தது. ஒருவரையொருவர் நம்பும் ஒரு சில நிறுவனங்களுக்காக வடிவமைத்தது, கேட்பவன் உண்மையானவனா என்று பெரிதாகச் சோதிக்காது. அதில் நுழைய முடிந்தவன், ஒருவருக்கு வரும் குறுஞ்செய்தியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். 2017இல் ஜெர்மனியில் இப்படியே வங்கி வாடிக்கையாளர்களின் சரிபார்ப்பு எண்களைத் திருப்பிப் பணத்தை எடுத்தார்கள். அதே ஆண்டு, எஸ்எம்எஸ் வழிச் சரிபார்ப்பு அபாயம் உள்ளது, வேறு மாற்றும் தர வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் எழுதிவைத்தது. இந்தியாவில் இவ்வளவு நுட்பம்கூட வேண்டியதில்லை. போலி ஆவணத்தைக் காட்டி மாற்று சிம் வாங்கினாலே முடிந்தது.

நான் இருக்கும் ஊரில் என்ன செய்தார்கள் என்றும் சொல்கிறேன். 2021 டிசம்பரில் இங்கே ஓசிபிசி வங்கி பெயரில் வந்த போலி எஸ்எம்எஸ்களை நம்பி 790 வாடிக்கையாளர்கள் 1.37 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) இழந்தார்கள். போலிச் செய்தி, வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையிலேயே வந்து நின்றது. நாடே அதிர்ந்தது. அடுத்த மாதமே எஸ்எம்எஸ்ஸில் சுட்டி அனுப்பக் கூடாது, புதுப் போனில் வங்கி டோக்கனை (ஓடிபிக்குப் பதிலாகச் செயலிக்குள்ளேயே ஆளைச் சரிபார்க்கும் வசதி) தொடங்கினால் 12 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2024 ஜூலையில், செயலியில் டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு வங்கிக்குள் நுழைய ஓடிபியே கிடையாது, மூன்று மாதங்களில் படிப்படியாக நிறுத்துகிறோம் என்று இங்குள்ள நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன. புதுப் போன் வாங்கிய அன்று அந்தக் காத்திருப்பு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எரிச்சலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அம்மாவை எழுப்பி எண் கேட்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

இந்தியாவால் முடியாததா இது? 2009இலேயே, இணையத்தில் அட்டை எண் மட்டும் கொடுத்து வாங்க முடியாது, இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது உங்கள் வங்கிதான். ஐரோப்பா அதே வகையான விதிக்கு வந்து சேர 2019 செப்டம்பர் ஆனது. வங்கித் தளங்கள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று சொன்னீர்கள். கெடு வைத்து, கட்டாயம் என்று சொன்னால் நம் வங்கிகள் செய்யும். சொல்லாவிட்டால் செய்யாது.

என்ன மாற்று என்று கேட்டால், எனக்குப் பிடித்தது பாஸ்கீ. போனுக்குள்ளேயே ஒரு ரகசியச் சாவி இருக்கும், விரல்ரேகையோ முகமோ காட்டினால் அது வங்கியின் கேள்விக்குக் கையெழுத்திட்டு அனுப்பும். சாவி வங்கிக்குக்கூடச் சொல்லப்படுவதே இல்லை, அந்தத் தளத்தின் உண்மையான முகவரிக்கு மட்டுமே வேலை செய்யும். போலித் தளத்தில் ஏமாந்து கொடுக்க அதில் எதுவும் இல்லை, அம்மாவால் வாசித்துக் காட்டவும் முடியாது. ஆத்தென்டிகேட்டர் செயலிகள் அடுத்தபடி. கடிகார நேரத்தையும் ஒரு ரகசிய எண்ணையும் சேர்த்து முப்பது விநாடிக்கு ஒரு குறியீடு தருபவை, விமானத்தில் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். 2011லிருந்து பொதுத் தரநிலையாக இருக்கிறது, உரிமக் கட்டணம் கிடையாது. அந்தக் குறியீட்டையும் போனில் வாசிக்க வைத்து ஏமாற்றலாம், மறைக்கவில்லை. ஆனால் அது சிம்மோடு கட்டப்படவில்லை, கணக்கு யாருடையதோ அவர் கையிலேயே இருக்கும்.

இன்னொரு செய்தி கவலை தருகிறது. அது உங்கள் துறை இல்லை, தொலைத்தொடர்புத் துறை. 2025 நவம்பர் இறுதியில், வாட்ஸ்ஆப், டெலிகிராம், சிக்னல் போன்றவை பதிவு செய்த சிம் போனில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும், கணினி வழிப் பயன்பாட்டை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற்ற வேண்டும் என்று ஆணை போட்டார்கள். இந்திய எண்களை வைத்துக்கொண்டு எல்லைக்கு அப்பாலிருந்து மோசடி நடக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கம்போடியாவிலும் மியான்மரிலும் உள்ள மோசடிக் கூடங்களில் வேலை ஆசை காட்டி நம் பிள்ளைகளையே அடைத்து வைத்திருந்தார்கள், அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் நாட்டின் போக்கு முழுவதும், ஆள் என்றால் சிம், சிம் என்றால் ஆள் என்று போகிறது. நீங்களாவது பணத்தின் விஷயத்தில் இதைப் பிரித்துவையுங்கள்.

நான் கேட்பது அடுத்த சுற்றறிக்கையில் ஒரு பத்தி. என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருக்கும் எல்லாருக்கும், இந்திய சிம் இல்லாமலே இயங்கும் ஒரு சரிபார்ப்பு வழியை ஒவ்வொரு வங்கியும் இந்தத் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். அதைத் தொடங்கக் கிளைக்கு வர வைக்காமல், கடவுச்சீட்டும் காணொளி அழைப்பும் கொண்டு அடையாளம் பார்க்க வேண்டும். எண் தொலைந்துபோனவர்களுக்கும் இதே வழி திறந்திருக்க வேண்டும். விளக்கத்தைத் தமிழ் உட்பட அந்தந்த மொழியில் தர வேண்டும். தேதியை மட்டும் நீங்களே குறியுங்கள், வங்கிகளிடம் விட்டுவிடாதீர்கள்.

பணிவுடன்,
சிங்கப்பூரிலிருந்து ஒரு மென்பொருள் பணியாளர்