மூக்கில் எதை எடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரிக்கெட் பந்து பட்டு உடைந்த என் தம்பியின் மூக்கை 3 வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நிமிர்த்தினார்கள், மேலே இருந்த மேட்டையும் சேர்த்துச் சீவினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வீக்கம் வடிந்தால் மூச்சு சரியாகும் என்றார்கள், வீக்கம் வடிந்தது, மூச்சு வரவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது நாலாம் மாடி. லிப்ட் வேலை செய்யாத நாட்களில் படியேறி வந்து கதவடியில் நின்று, இரண்டு விரலால் கன்னத்தைக் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவான். கையை விட்டால் மூக்கின் பக்கச்சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

சனல் பண்ணி (நேரம் பதிந்து) போய்க் காட்டிய இரண்டு டொக்டர்கள் அலர்ஜி என்றார்கள். அவனும் பாமசியில் வாங்கிய அடைப்பு மருந்தை மாதக்கணக்கில் மூக்கில் அடித்தான் (அதைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து பாவித்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கும், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை).

மூன்றாவது டொக்டர், அவன் கன்னத்தை இழுத்துக் காட்டியதுமே, "நாங்களும் இப்படித்தான் சோதிப்போம்" என்றார். மூக்குக்குள் காற்றுப் போகும் மிக ஒடுக்கமான இடம், மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரோடு பக்கச்சுவர் சேரும் வால்வுதான், அங்கே இரண்டுக்கும் இடையிலான கோணம் இயல்பாகவே 10 முதல் 15 பாகைதான் இருக்கும், மேட்டைச் சீவும்போது அங்கே தாங்கி நிற்கும் குருத்தெலும்பு தளர்ந்தால் இழுக்கும் மூச்சுக்கே சுவர் சரிந்துவிடும் என்று படம் கீறி விளங்கப்படுத்தினார். திருத்துவதற்குக் குருத்தெலும்பைக் கீற்றுப் போலச் சீவி நடுச்சுவரின் இரு பக்கமும் வைத்துத் தைக்க வேண்டும். வழமையாக அதை நடுச்சுவரிலிருந்தே எடுப்பார்களாம், அங்கே மிச்சம் இல்லாவிட்டால் காதிலிருந்து, அதுவும் போதாவிட்டால் விலாவிலிருந்து.

"சரி, முதல்முறை நடுச்சுவரில் எவ்வளவு எடுத்தார்கள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் காட்டில் சத்திரசிகிச்சையின் பெயர் மட்டும் ஒரு வரியில் இருந்தது. பழைய ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை நடந்தேன், பைல் கிடைக்கவில்லை என்றார்கள். ஸ்கானில் ஓரளவு தெரிந்தது, மிச்சத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். அதனால் தம்பி காதுக்கும் விலாவுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் தியேட்டருக்குள் போனான். நல்ல காலம், காதோடு முடிந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டு நித்திரை கொள்கிறான். அம்மா இன்னும் இரவில் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறா.

ஆஸ்பத்திரிகளிடம் கேட்பது இதுதான்: எதை எடுத்தீர்கள், எவ்வளவு விட்டீர்கள், என்ன வைத்தீர்கள் என்ற சத்திரசிகிச்சைக் குறிப்பின் ஒரு பிரதியை, வீட்டுக்கு விடும் அன்றே நோயாளியின் கையில் கொடுங்கள். மூக்குச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் வாசகர்களும் பில்லைக் கட்ட முன்னமே அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6