ரெண்டு இட்லியும் பத்தரை மணித் தோசையும்

அன்புள்ள மல்லிகா,

பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். ஆனால் கடைசியில், 'காலையில் சாப்பிடுவதையே விட்டுவிட்டேன், அப்படியும் எடை ஏறிக்கொண்டே போகிறது' என்று எழுதியிருந்தாயே, அந்த வரி மனசை விட்டுப் போகவில்லை.

தை மாசம் உன் வீட்டில் மூன்று நாள் இருந்தேன் அல்லவா? ஐந்தரைக்கு எழுந்து நாலு டிபன் பாக்ஸ் கட்டினாய். உனக்கென்று எடுத்து வைத்த ரெண்டு இட்லி மூடியபடியே இருக்க, ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாய். பள்ளியில் காலை உணவுத் திட்டத்து உப்புமாவை ஒவ்வொரு பிள்ளையும் சாப்பிடுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பரிமாற வைப்பவள் நீ. அந்த நேரத்தில் உன் வயிறு காலி. அப்புறம் ராத்திரி பத்தரைக்கு, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மீந்த சாதம், அடிச்சட்டிக் குழம்பு, ஆறிப்போன நாலு தோசை. கொட்ட மனசு வரவில்லை என்றாய்.

எனக்குப் போன வருஷம் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 வந்தபோது, டாக்டர் முதலில் கேட்டதே 'ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?' என்றுதான். அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இஸ்ரேலில் எடை கூடிய 93 பெண்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2013-இல் வெளியிட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நாளுக்கு 1,400 கலோரிதான். ஒரு குழுவுக்குக் காலையில் 700, மதியம் 500, இரவு 200. இன்னொரு குழுவுக்குக் காலையும் இரவும் தலைகீழ். 12 வாரத்தில் முதல் குழு சராசரியாக 8.7 கிலோ குறைந்தது, மற்றது 3.6 கிலோ. ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பும் முதல் குழுவுக்கு இறங்கியது, மற்றவர்களுக்கு ஏறியது.

காரணம் நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம். காலையில் இன்சுலின் சுறுசுறுப்பாக வேலை செய்யும். இருட்டியதும் தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்க, இன்சுலின் சுரப்பு மந்தமாகிவிடும். அதே தோசைதான், ராத்திரி சாப்பிட்டால் சர்க்கரை இறங்க அதிக நேரமாகிறது.

அதற்காகக் காலைச் சாப்பாட்டை விட்டதால் மட்டும்தான் குண்டாகிறோம் என்று சொல்ல மாட்டேன். 2019-இல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், காலையில் சாப்பிட்டவர்கள் நாளுக்குச் சுமார் 260 கலோரி கூடுதலாகத்தான் சாப்பிட்டிருந்தார்கள், எடையும் கொஞ்சம் கூடுதல். 2022-இல் ஸ்காட்லாந்தில் உள்ள அபர்தீனில் வெளியிட்ட ஆய்வில் காலையில் அதிகம் சாப்பிட்டாலும் இரவில் அதிகம் சாப்பிட்டாலும் எடை ஒரே மாதிரிதான் குறைந்தது. ஆனால் காலையில் சாப்பிட்டவர்களுக்குப் பசி அடங்கியிருந்தது. அந்தப் பசிதான் உன் விஷயத்தில் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பகல் முழுக்க அடக்கிய பசியைத்தான் ராத்திரி தட்டில் தீர்த்துக்கொள்கிறாய். அதனால் காலையில் புதிதாக ஒரு சாப்பாட்டைச் சேர்க்காதே. ராத்திரியில் சாப்பிடுவதில் பாதியைக் காலைக்கு மாற்று. பள்ளிக்கு அஞ்சாவது பாக்ஸ் ஒன்று கட்டு, உன் பேரில்.

நான் ஏழரைக்குச் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். முதல் ரெண்டு வாரம் தூக்கம் வராமல் கஷ்டப்பட்டேன், பிறகு பழகிவிட்டது. போன மாசம் வெறும் வயிற்றுச் சர்க்கரை 104.

சித்திரையில் நாலு நாள் வருகிறேன். மீந்த குழம்பை ஃப்ரிட்ஜில் வை, மறுநாள் மதியத்துக்கு ஆகும். ராத்திரி ஏழரைக்கு எனக்கும் உனக்கும் சேர்த்து முதலில் தட்டுப் போடு. மற்றவர்களுக்கு நான் பரிமாறுகிறேன்.

அன்புடன்,
உன் சாந்தி